மூன்றாவது தொட்டி

டிசம்பர் 1, ஞாயிறு

இன்றிலிருந்து ஈரக் குப்பையை மாநகராட்சி வண்டி எடுக்காது. முப்பத்திரண்டு வீட்டுக் குப்பையையும் நாங்களே மக்க வைத்துக்கொள்ள வேண்டும். குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்பதால் இந்தத் தலைவலியும் என் தலையில்தான். தொலைபேசித் துறையில் முப்பத்தாறு வருடம் புகார் கேட்டது போதாதென்று, ஓய்வு பெற்ற பிறகு இந்தப் பதவிக்குக் கழுத்தை நீட்டியவன் நான். யாரையும் நொந்துகொள்ள முடியாது.

பின்பக்கம் ஜெனரேட்டர் அறைக்கு அடுத்து மூன்று செங்கல் தொட்டிகள் கட்டியிருக்கிறோம். ஒன்று நிரம்ப, ஒன்று மக்க, ஒன்று அள்ள. ஏ-6 அருள்மொழிதான் இதற்கெல்லாம் மூளை. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பெண். மாதத்தின் முதல் ஞாயிறு ‘பசுமை ஞாயிறு’. செய்முறை வகுப்பு உண்டு. மார்ச்சில் எங்கள் மண்ணில் விளைந்த கீரையோடு உணவுத் திருவிழா. அன்றைக்கே பொதுக்குழுவும்.

இன்று தொடக்க விழா. பூமியைக் காப்போம் என்று பிளாஸ்டிக் பேனர். வந்தவர்களுக்குப் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர். நான் சுட்டிக் காட்டினேன். “அங்கிள், முதல் நாள்தானே, விடுங்க” என்றாள் அருள்மொழி.

கைதட்டல் முடிந்து எல்லோரும் போன பிறகு ஒச்சம்மா வந்தாள். பதினோரு வருடமாக இங்கே கூட்டிப் பெருக்கிக் குப்பை எடுப்பவள் அவள் ஒருத்திதான்.

“சார், மக்கும்னு எழுதுன போர்டு மக்காததுக்கு மேல தொங்குது.”

மாற்றி மாட்டினேன். உனக்குப் படிக்கத் தெரியுமா என்று கேட்டேன். “எட்டாப்பு சார்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

டிசம்பர் 4, புதன்

பி-3 மீனலோசனி அம்மாள் பித்தளைத் தட்டில் வாடிய சாமந்தியோடு காலை ஏழு மணிக்கு என் வாசலில் நின்றார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. நின்றாலே நமக்குக் கைகட்டத் தோன்றும்.

“சாமிக்குச் சாத்துன பூவ, ஊர்ல உள்ளவங்க எச்சிச் சோத்தோட கொட்டச் சொல்றீங்களே, இது உங்களுக்கே நல்லாருக்கா?”

மண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான் அம்மா என்றேன். “மண்ணுக்கு ஒண்ணுதான். எனக்கு ஒண்ணு இல்ல” என்றார். மாலைக்குள் பதினோரு வீட்டுக் கையெழுத்து வந்துவிட்டது. இரவு வாட்ஸ்ஆப்பில் இன்னொரு சண்டை. காய்கறித் தோலோடு மீன் முள் சேரக் கூடாதாம்.

முடிவு: முதல் தொட்டி பூ. இரண்டாவது காய்கறி. மூன்றாவதில் எச்சில் சோறு, மீன் முள், கோழி எலும்பு, முட்டை ஓடு. ஒன்று நிரம்ப ஒன்று மக்க என்ற கணக்கெல்லாம் காற்றில் போயிற்று. ஒச்சம்மாவிடம் சொன்னேன். விளக்குமாற்றைத் தட்டிக்கொண்டே கேட்டாள். “சரிங்க சார்” என்றாள். அவள் ‘சரிங்க சார்’ சொல்கிற விதமே எனக்குப் பிடிக்காது.

டிசம்பர் 10, செவ்வாய்

மூன்றாவது தொட்டிக்கு யாரும் பக்கத்தில் போவதில்லை. பத்தடி தூரத்தில் நின்று பொட்டலத்தை எறிந்துவிட்டு ஓடுகிறார்கள். அதுவும் பிளாஸ்டிக் பையில் இரண்டு முடிச்சுப் போட்டு. ஒவ்வொரு முடிச்சையும் ஒச்சம்மா அவிழ்க்கிறாள்.

டிசம்பர் 16, திங்கள்

சி-1 வீட்டம்மா வாழைப்பழத் தோலைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து போடுகிறார். சுத்தமாக இருக்கட்டும் என்றாராம். 

ஒச்சம்மா கேட்டாள்: “அம்மா ஊர்ல இல்லீங்களா சார்? வாரம் பூரா ஓட்டல் இலையா வருது.” என் மனைவி கோதை, மகளின் பிரசவத்துக்காகப் புனே போய் ஒரு மாதம் ஆகிறது. அதை இவளிடம் நான் சொல்லவே இல்லை. “சி-4 தாத்தாவுக்குச் சுகர் மாத்திர அட்டை பத்து நாளா வரல, என்னன்னு பாருங்க” என்றும் சொன்னாள். போய்ப் பார்த்தேன். மனிதர் மாத்திரை வாங்க மறந்தே போயிருந்தார்.

தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு குழாய் வேண்டும் என்கிறாள். கை கழுவ முன்வாசல் வரை நடக்க வேண்டியிருக்கிறதாம். போகிற வழியில் யாராவது மூக்கைப் பொத்துகிறார்களாம். கமிட்டியில் பேசுகிறேன் என்றேன்.

டிசம்பர் 28, சனி

என் ரத்த அழுத்தத்துக்கு இதெல்லாம் ஆகாது.

தொட்டிகளைப் பார்க்கப் போனேன். மூன்றாவது தொட்டியில் வாடாமல்லி கிடக்கிறது. பூத்தொட்டிக்குள் முட்டை ஓடு. இரண்டாவதில் இரண்டும். ஒச்சம்மாவைக் கூப்பிட்டேன். அவள் சேலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாக வந்தாள்.

“வெறும் பூவு காஞ்ச சருகாக் கெடந்துச்சு. மூணாவது தொட்டி தண்ணி விட்டு நாறுச்சு. ஒண்ணுக்கொண்ணு சேந்தாத்தான் சார் மக்கும். ரெண்டாவது வாரத்துலயே எல்லாத்தையும் கலந்துட்டேன்.”

“மீனலோசனி அம்மாவுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும் தெரியுமா?”

“நீங்க சொன்னாத்தான் தெரியும்.”

தொட்டியில் நாற்றமில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மழை பெய்து விட்ட மண் மாதிரி ஒரு வாசனை. யாரிடமும் சொல்லவில்லை. செயலாளரே உடந்தை.

ஜனவரி 5, ஞாயிறு

இரண்டாவது பசுமை ஞாயிறு. தொட்டியைக் கிளறுவது எப்படி என்று அருள்மொழி பாடம் எடுத்தாள், படத்தில். நிஜத் தொட்டியை ஒச்சம்மா கிளறினாள். எல்லோரும் போட்டோ எடுத்தார்கள்.

முடிந்ததும் தலைவர் ரவீந்திரன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். டைல்ஸ் கடை வைத்திருப்பவர். எதையும் பளபளவென்று பார்க்க ஆசைப்படுவார். ஏப்ரலிலிருந்து துப்புரவை ஒரு நிறுவனத்துக்கு ஒப்பந்தம் விடப் போகிறார்களாம். சீருடை, இயந்திரம், எல்லாம் உண்டு. ஒச்சம்மா வேண்டாம்.

“அப்ப தொட்டி?”

“அதான் அருள்மொழி எல்லாருக்கும் சொல்லிக் குடுக்குறாங்கல்ல. முறை போட்டு நம்மளே கிளறிக்கலாம். நீங்க பிப்ரவரி கடைசிக்குள்ள அந்தம்மாவுக்கு நோட்டீஸ் குடுத்துருங்க. பொதுக்குழுவுல சும்மா ஒரு கைதூக்கல்தான்.”

நானும் சரி என்றேன். நியாயமாகத்தான் பேசினார். சங்கம் ஒருவருக்காக நடப்பதல்ல.

ஜனவரி 8, புதன்

கடிதம் எழுதினேன். ‘தங்கள் சேவை இனித் தேவைப்படாது என்பதை வருத்தத்துடன் தெரிவிக்கிறோம்.’ ரவீந்திரனுக்குப் படித்துக் காட்டினேன். “வருத்தம்லாம் எதுக்கு? நாளைக்கி அதையே புடிச்சுக்கிட்டு வாதாடுவாங்க” என்றார். கிழித்துப் போட்டு வேறு எழுதினேன்.

ஜனவரி 9, வியாழன்

வருத்தம் இல்லாமல் படித்தால் மின்சாரக் கட்டண நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. மறுபடி சேர்த்தேன். பிறகு கிழித்தேன். பேனாவும் சரியில்லை.

ஜனவரி 11, சனி

நான்காவதுதான் சரியாக வந்தது, வருத்தத்தோடு. ரவீந்திரன் கையெழுத்துப் போட்டார், படிக்கவில்லை. ஒப்பந்த நகலையும் சேர்த்துப் பின் அடித்து மேஜை இழுப்பறையில் வைத்தேன். பொங்கல் முடியட்டும். நாள் கிழமையில் கொடுப்பது அழகில்லை.

ஜனவரி 20, திங்கள்

கொடுக்கலாம் என்று கீழே போனேன். ஜெனரேட்டர் ரிப்பேர்காரன் வந்துவிட்டான்.

ஜனவரி 27, திங்கள்

முதல் எரு தயார். ஒச்சம்மா இரண்டு கையாலும் அள்ளிக் காட்டினாள். கறுப்பாக, உதிரியாக இருந்தது. காப்பிப்பொடி மாதிரி என்று அருள்மொழி துள்ளினாள். எதிலிருந்து வந்தது என்று கேட்டாள். “எல்லாத்துலருந்தும்” என்றாள் ஒச்சம்மா. நான் அவசரமாக வேறு பேச்சுக்குப் போனேன்.

இன்று எப்படிக் கடிதம் கொடுப்பது? மனிதத்தன்மை வேண்டாமா?

பிப்ரவரி 2, ஞாயிறு

பாத்தி கட்டிக் கீரை விதைத்தோம். சிறுகீரை, தண்டுக்கீரை. மூன்று பாத்தி, மூன்று தொட்டி எரு என்று அறிவிப்பு. எனக்கும் ஒச்சம்மாவுக்கும் மட்டும் தெரியும், மூன்றும் ஒரே எரு.

இன்று பாடம் படத்தில் இல்லை. அருள்மொழிக்கு நல்ல புத்தி வந்து, ஒச்சம்மாவையே எடுக்கச் சொன்னாள். ஒச்சம்மா தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டாள். “சூடு இருக்கணும். உள்ள கைய வச்சா, காச்சக்காரன் நெத்தி மாதிரி சுடணும். சூடு இல்லன்னா உள்ள வேல நடக்கலன்னு அர்த்தம். வாங்க, வந்து வச்சுப் பாருங்க.”

இருபது பேர் இரண்டடி பின்னால் போனார்கள். ரவீந்திரன் செல்போனில் பேசுவதுபோல் நகர்ந்தார். கடைசியில் மீனலோசனி அம்மாள் வளையலை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு, பூத்தொட்டிதானே என்று இரண்டு முறை கேட்டுவிட்டுக் கையை வைத்தார். “ஆமா, சுடுது!” என்றார். முகமெல்லாம் சிரிப்பு. நான் ஜெனரேட்டர் அறைப் பக்கம் நகர்ந்தேன்.

நானும் வைத்துப் பார்த்தேன், எல்லோரும் போன பிறகு. சுட்டது. கை கழுவ முன்வாசல் வரை நடந்தேன். சி-1 வீட்டம்மா மூக்கைப் பொத்தினார்.

பிப்ரவரி 13, வியாழன்

கோதை போனில், “என்ன சாப்பிட்டீங்க” என்று கேட்டாள். கடித விஷயத்தைச் சொன்னேன். “குடுக்க மனசில்லன்னா இல்லன்னு சொல்ல வேண்டியதுதானே?” என்கிறாள். மனசு பற்றி இதில் என்ன இருக்கிறது? நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். இவளுக்கு எதையும் நேராக எடுத்துக்கொள்ளத் தெரியாது.

பிப்ரவரி 21, வெள்ளி

கீரை ஒரு சாண் உயரம். திருவிழாவுக்கு அருள்மொழி போட்ட பட்டியல்: குதிரைவாலிப் பொங்கல், கம்பங்கூழ், முருங்கைக்கீரை அடை, வாழைத்தண்டுப் பச்சடி, நம் பாத்திக் கீரைக் கடைசல். பரோட்டா உண்டா என்று நான்கு வீட்டிலிருந்து கேட்டுவிட்டார்கள். எலுமிச்சைச் சாதம் கொண்டு வரலாமா என்று ஆறு வீடு. அரிசியும் நம்ம ஊர்தானே என்று ஒரு வாதம்.

பிப்ரவரி 26, புதன்

தொட்டி கிளறும் முறைப் பட்டியல் தயார் செய்யச் சொன்னார் ரவீந்திரன். எழுதினேன். சரியாக வரவில்லை, கிழித்தேன். மறுபடி எழுதியதையும் கிழித்தேன்.

பிப்ரவரி 27, வியாழன்

பட்டியல் முடிந்தது. காலை ஆறு மணி. ஒரு நாளைக்கு ஒரு வீடு. வேலைக்காரர்களை அனுப்பக் கூடாது, வீட்டுக்காரரே வர வேண்டும். முதல் தொட்டி, இரண்டாவது தொட்டி என்று பிரித்தால் சண்டை வரும் என்பதால் எல்லோருக்கும் மூன்றாவது தொட்டியும் உண்டு. யாருக்கும் விதிவிலக்கு இல்லை. ஏப்ரல் முதல் தேதி ரவீந்திரன். தலைவர் முன்மாதிரியாக இருக்க வேண்டும் அல்லவா? அந்த நோக்கத்தில்தான் போட்டேன். பெரிய எழுத்தில் எழுதி லிஃப்டுக்குப் பக்கத்தில் ஞாயிறு காலை ஒட்டலாம்.

பிப்ரவரி 28, வெள்ளி

கடைசி நாள். ஒச்சம்மா கீரைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கடிதம் சட்டைப் பையில். “சார், குழாய் என்னாச்சு?” என்றாள். கமிட்டியில் பேசுகிறேன் என்றேன்.

இரவு ரவீந்திரன் போன். “குடுத்தாச்சுல்ல?”

“ம்” என்றேன்.

மார்ச் 2, ஞாயிறு

எழுதி முடிக்காமல் தூக்கம் வராது.

காலை பத்து மணிக்குத் திருவிழா. கூழ் கரைத்தவர்கள் உப்புப் போட மறந்தார்கள். குதிரைவாலிப் பொங்கல் களியாகிவிட்டது. மந்தாரை இலைத் தட்டில் போட்டால் ஒழுகுகிறது என்று அதற்கு அடியில் ஒருவர் பிளாஸ்டிக் தட்டு வைத்துச் சாப்பிட்டார். எலுமிச்சைச் சாதம் எட்டு வீட்டிலிருந்து வந்தது. நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

கீரைக் கடைசல் மட்டும் அடிபிடி. மீனலோசனி அம்மாள் இரண்டாம் முறை வாங்கினார். “பூத்தொட்டி எருல்ல, அதான் இந்த மணம்” என்றார். எச்சில் இலைகளை எடுத்துக்கொண்டிருந்த ஒச்சம்மா என்னைப் பார்த்தாள். நான் கூழைப் பார்த்தேன்.

பன்னிரண்டு மணிக்குப் பொதுக்குழு. ரவீந்திரன் ஒப்பந்தத்தைப் படித்தார். சீருடை, இயந்திரம், எல்லாம் சொன்னார். “ஒச்சம்மாவுக்கும் முறப்படி எழுத்துல குடுத்தாச்சு” என்றார். ஒச்சம்மா ஐந்தடி தள்ளி இலைக் கூடையோடு நிற்கிறாள்.  எங்கே, எப்போ என்று இதோ கேட்கப் போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் வாயே திறக்கவில்லை. முகத்தில் ஆச்சரியம்கூட இல்லை. கூடையைத் தரையில் வைத்துவிட்டு நின்றாள்.

மீனலோசனி அம்மாள் எழுந்தார். “அப்ப தொட்டிய யாரு கிளறுறது?”

“நம்மதாம்மா. பட்டியல் லிஃப்டுகிட்ட ஒட்டியிருக்கு. செயலாளர் போட்டுருக்காரு.”

“பாத்தேன். எனக்கு ஏப்ரல் ஒம்பது. மூணாவது தொட்டி. எச்சிலும் எலும்பும் நான் கிளறணும். காலைல ஆறு மணிக்கு. அதான?”

அப்போதுதான் பாதிப் பேர் லிஃப்டுக்கு ஓடினார்கள். திரும்பி வந்தபோது பேச்சே வேறு. ஒருவருக்கு முதுகுவலி. ஒருவருக்கு ஆறு மணிக்கு யோகா. ஒருவருக்கு மூச்சிரைப்பு. கம்பெனி ஆட்கள் கிளற மாட்டார்களா என்று கேட்டார்கள். அது ஒப்பந்தத்தில் இல்லை. ரவீந்திரனே எழுந்துபோய்ப் பட்டியலைப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

கை தூக்கச் சொன்னார். ஒப்பந்தத்துக்கு நான்கு கை. ரவீந்திரனின் கை அதில் இல்லை. ஒச்சம்மாவே தொடரட்டும் என்று இருபத்தைந்து. எல்லோரும் கைதட்டினார்கள், ஏதோ தர்மம் செய்துவிட்டது போல. அவளுக்கு இருக்க விருப்பமா என்று ஒரு ஆள் கேட்கவில்லை. பதினோரு வருடத்தைப் பற்றி ஒரு ஆள் பேசவில்லை. தங்கள் கையில் அழுக்குப் படக் கூடாது, அவ்வளவுதான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் நானும் எழுந்து பேசவில்லை. பேச வேண்டிய அவசியம் வரவில்லை என்று எழுத நினைத்தேன். அது பொய். பயந்தேன்.

மூன்று மணிக்கு எல்லோரும் போன பிறகு தொட்டிப் பக்கம் போனேன். கடிதம் இன்னும் பையில் இருந்தது. ஒச்சம்மா இலைகளை மூன்றாவது தொட்டியில் கிழித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிராமலே பேசினாள்.

“கடுதாசியக் கொண்டாந்துருக்கீங்களா சார்?”

கை தானாகச் சட்டைப் பையைத் தொட்டது.

“நாலு தடவ எழுதுனீங்க. மூணத் துண்டு துண்டாக் கிழிச்சுப் போட்டீங்க. ஒங்க வீட்டுக் காகிதக் குப்பைய யாரு பிரிக்கிறா? மொத கடுதாசில வருத்தம்னு இருந்துச்சு. ரெண்டாவதுல இல்ல. மூணாவதுல மறுபடி இருந்துச்சு. ஒட்டுப் போட்டுப் படிச்சேன்.”

ஜனவரியிலிருந்து தெரியும். எருவை அள்ளிக் காட்டியபோது தெரியும். தொட்டிக்குள் கையை விட்டு, தன் வேலையைத் தன்னிடமிருந்து பிடுங்கப் போகிறவர்களுக்கே பாடம் எடுத்தபோதும் தெரியும்.

“தெரிஞ்சும் ஏம்மா கேக்கல?”

“எதுக்குக் கேக்கணும்? பதினோரு வருசமா யார்ட்டயும் கெஞ்சாம வேல பாத்தாச்சு. நீங்க எப்பக் குடுக்குறீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். தெனம் சட்டப் பையத் தொட்டுத் தொட்டுப் பாப்பீங்க.” ஒரு இலையைக் கிழித்தாள். “அந்த முறை லிஸ்டையுந்தான் ரெண்டு தடவ எழுதிக் கிழிச்சீங்க. மொத லிஸ்ட்ல தலைவர் பேரே இல்ல. மூணாவது தொட்டியும் இல்ல.”

நான் தரையைப் பார்த்தேன்.

“நல்ல வேலதான் சார் பாத்தீங்க. இல்லங்கல. ஆனா அம்புட்டுப் பேருக்கு முன்னாடி வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?”

 

கடிதத்தை எடுத்துக் குறுக்கே கிழித்தேன். தொட்டிக்குள் போடப் போனேன்.

“பின்னப் பிடுங்கிட்டுப் போடுங்க சார்” என்றாள். “கிளறும்போது கையில குத்தும்.”

பிடுங்கிப் போட்டேன். நல்ல சிறிய துண்டுகளாகக் கிழித்து, ஈரச் சோற்றோடு சேரும்படி கையாலேயே கிளறிவிட்டேன். சுட்டது. கை கழுவ முன்வாசல் வரை நடந்தேன். இந்த முறை தூரத்தை அடியால் அளந்தேன். நூற்றுப் பதினெட்டு அடி.

மார்ச் 3, திங்கள்

காலை எட்டு மணிக்குக் குழாய்க்காரரைக் கூட்டி வந்துவிட்டேன். கமிட்டியைக் கேட்கவில்லை.

ரவீந்திரன் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, யார் சொல்லி வேலை நடக்கிறது என்று சத்தம் போட்டார்.

“நாந்தான் சொன்னேன்” என்றேன், ஒச்சம்மாவுக்குக் கேட்கும்படி.